தோட்ட வாரியத்துக்குத் தகுதியில்லாத கோழிகள்

கார்த்திகை மழை கழிந்துவிட்டால் உத்திரமேரூர்ப் பக்கம் கீரையை இனாமாகக் கொடுக்கக்கூட ஆள் கிடைக்காது. எல்லார் கொல்லையிலும் அதேதான். ஒரு கட்டுச் சிறுகீரையோடு பக்கத்து வீட்டுக்குப் போனால், அந்த அக்கா முகம் கோணாமல் வாங்கிக்கொண்டு, "வெறுங்கையோட அனுப்பக் கூடாது" என்று இரண்டு கட்டு முருங்கைக்கீரையைத் திணித்து அனுப்புவார். இராத்திரியில் கீரை ஆகாது என்பது பெரியவர்கள் போட்ட சட்டம். ஆக, தின்று தீர்க்கவும் மத்தியானம் ஒரு வேளைதான். திங்கள் கடைந்தது, செவ்வாய் பொரியல், புதன் கூட்டு. வியாழக்கிழமை பிள்ளைகள் தட்டைப் பார்த்தார்கள். "கோழிக்குப் போட்டுடுங்கப்பா" என்றார்கள்.

எங்களிடம் இருப்பவை சிறுவிடைக் கோழிகள். நாலு பெட்டை, ஒரு சேவல். அள்ளிக்கொண்டு போய்த் தரையில் போட்ட கீரையை ஒவ்வொன்றும் மிதித்துக்கொண்டு நடந்து, நேராகப் பாத்திக்குள் இறங்கி, அங்கே நிற்கிற அதே கீரையைக் கொத்தின.

இதற்குக் காரணம் உண்டு. கோழிக்குப் பல் கிடையாது. வேரோடு நிற்கும் கீரையை அலகால் பிடித்து இழுத்தால் இலை கிழிந்து வாய்க்குள் போகும். உதிரியாகக் கிடப்பது இழுத்த பக்கமெல்லாம் கூடவே வரும். அதனால் கட்டைச் சணலில் கட்டிப் பந்தல்காலில் அலகு உயரத்துக்குத் தொங்கவிட வேண்டும். என் மனைவி இதை ஏற்கவில்லை. "திருடித் தின்னாத்தாங்க அதுங்களுக்கு ருசி" என்பது அவள் கட்சி. கட்டித் தொங்கவிட்ட பிறகும் ஒரு பெட்டை பாத்திக்கே போவதால் அந்தக் கட்சி இன்னும் தோற்கவில்லை.

தொங்கவிட்டதில் முதலில் காலியாவது முருங்கை. தண்டுக்கீரையில் இலையை உருவிவிட்டுத் தண்டை நமக்கே விட்டுவைக்கும். அகத்தியைக் கோழிக்குக் காட்டவே கூடாது. குஞ்சுகளுக்கு அது ஆகாது, அமாவாசையன்று பசுவுக்குப் போவதோடு சரி. கீரையில் பெரும்பகுதி தண்ணீர், அதனால் நொய்யும் கம்பும் தவிடும் வழக்கம்போல வைத்தாக வேண்டும். தண்டுக்கீரை வகைகளில் இருக்கும் ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் முட்டை ஓட்டைக் காயவைத்து இடித்துப் பொடியாக்கியும் போடுகிறோம்.

கூலி முட்டையில் தெரியும். மஞ்சள் கருவுக்கான நிறத்தைக் கோழியால் தானாக உண்டாக்க முடியாது, தீனியிலிருந்துதான் வரவேண்டும். பண்ணைக் கோழிக்கு அது மக்காச்சோளத்திலிருந்து வருகிறது, எங்கள் கோழிக்கு முருங்கையிலிருந்து. கரு செம்மஞ்சளாக மின்னுகிறது. வியாழக்கிழமை தட்டைத் தள்ளிய பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை அதே கீரையின் சாயத்தை ஆம்லெட்டாகத் தின்று, இன்னொன்று கேட்கிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

இந்த ஊரில் தோட்ட விவகாரத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றின்படி, ஊர்க் காரியம் பார்க்கக் குடவோலை போட்டு ஆளெடுத்த வாரியங்களில் ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர். ஏரியைவிடத் தோட்டத்துக்கு இரண்டு மடங்கு ஆள்! கீரை அப்போதும் இப்படித்தான் விளைந்திருக்கும் என்பது என் ஊகம்.

எங்கள் கொல்லை வாரியத்துக்கு இந்த ஐவரை நிறுத்தலாமா என்று கல்வெட்டு விதிகளைப் பார்த்தேன். சொந்த மனையில் வீடு வேண்டும். பஞ்சாரம் என் பேரில் இருக்கிறது. வயது 35க்கு மேல், 70க்குள். அதுவும் போயிற்று. பிறர் பொருளைத் திருடியவர் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா சாட்சி சொல்லத் தயார். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் கூடாது, அவருடைய உறவினரும் கூடாது. வைக்கோல் போருக்குள் முட்டையிட்டு மறைக்கும் பெட்டைகள் எந்தக் கணக்கைக் காட்டின? உறவுமுறையில் சேவலும் அடிபட்டுப்போகிறது.

அதுவும் நல்லதற்குத்தான். கல்வெட்டின்படி பதவிக்காலம் 360 நாள். எங்கள் வீட்டுச் சேவலுக்கு, மாப்பிள்ளை ஊரிலிருந்து வரும் வரை.