தொப்பி போட்ட வினைச்சொல்

கேள்வி: பிரெஞ்சு படிக்கிறேன். ‘ப்ளூஸ்-க-பார்ஃபே சப்ஜோங்க்தீஃப்’ மட்டும் தலைக்குள் ஏறவே மாட்டேன் என்கிறது. வழி உண்டா? (வாசகர், விருத்தாசலம்)

பதில்: உங்கள் ஊர்ச் சூளையே சொல்லித்தரும். பீங்கான் பொம்மை விரிசல் விட்டதும், ‘நன்றாகக் காய்ந்திருந்தால் தப்பியிருக்கும்’ என்கிறோமே, அந்த ஏக்கத்தைச் சொல்லும் வடிவம் இது. முதலில் துணைவினையை அச்சில் ஊற்றுங்கள்: யூஸ், யூஸ், யூ, யூஸியோன், யூஸியே, யூஸ். பின்னால் ‘பார்லே’ (பேசிய) போன்ற எச்சத்தை ஒட்டுங்கள். வேலை முடிந்தது. ‘வெனிர்’ (வருதல்) வகைக்கு மட்டும் அச்சு வேறு. ‘ஃப்யூஸ்’ என்று தொடங்கும். படர்க்கை ஒருமையில் எழுத்தின் மேல் ஒரு குட்டித் தொப்பி நிற்கும். அது விழுந்தால் வேறொரு காலமாகிவிடும், ஜாக்கிரதை! புதுச்சேரிக் கடற்கரையில் இதைப் பேசுபவரைத் தேடாதீர்கள். பிரான்சிலேயே பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. பழைய நாவல்களில் இன்னும் மெருகு குலையாமல் மின்னுகிறது. அவற்றை மூலத்தில் படிக்கவேனும் கற்றுக்கொள்ளுங்கள்.