இடையின் இருப்பிடம்

அளவு நாடாவைக் கொண்டு ஒருவர் தம் உடலின் வடிவத்தைத் தாமே கண்டறியும் முறை, படிக்கும்போது மிக எளியதாகத் தோன்றும். மார்பின் சுற்றளவு, இடையின் சுற்றளவு, பிட்டத்தின் மிக அகன்ற பகுதியின் சுற்றளவு ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், அளந்தவர் எவ்வகை உடலினர் என்பது விளங்கிவிடும் என்று அழகுக் குறிப்புகள் உறுதி கூறுகின்றன. மார்பு எங்கே இருக்கிறது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. பிட்டமும் தன் இருப்பை மறைத்துக்கொள்வதில்லை. இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ இருப்பதாகச் சொல்லப்படும் இடைதான் இத்துறை முழுவதையும் அலைக்கழிக்கிறது. இலங்கையின் பதுளையிலிருந்து நமுனுகுல மலைச்சரிவை நோக்கி ஏறும் ஸ்பிரிங்வெளி போன்ற ஒரு தேயிலைத் தோட்டத்தில் இம்முறையைப் பொருத்திப் பார்த்தால், அந்த அலைச்சலுக்கு மேடும் பள்ளமும் சேர்ந்துகொள்கின்றன.

இன்று வழக்கிலுள்ள வகைப்பாடு உடல்களை ஐந்தாகப் பிரிக்கிறது. மேலும் கீழும் ஏறத்தாழச் சமமாக இருந்து நடுவில் ஒடுங்குவது மணற்கடிகை வடிவம். கீழ்ப்பகுதி அகன்றது பேரிக்காய். நடுப்பகுதி திரண்டது அப்பிள். தோள் விரிந்து கீழே ஒடுங்குவது தலைகீழ் முக்கோணம். எங்கும் பெரிய வேறுபாடு காட்டாதது செவ்வகம். இவற்றுள் பேரிக்காய் மலைநாட்டின் குளிர்ப் பகுதிகளில் விளைவது. அப்பிள் கப்பலில் வருவது. மணற்கடிகையோ, விடியற்காலைத் தப்பு மேளச் சத்தத்தாலும் ஸ்டோர்ச் சங்காலும், அதாவது தேயிலைத் தொழிற்சாலையின் ஊதுகுழலாலும், நேரம் அறிந்து வந்த மக்கள் கையில் எடுத்துப் பார்த்திராத பொருள். ஆக, ஐந்து வடிவங்களில் ஒன்று உள்ளூர்ச் சரக்கு, ஒன்று இறக்குமதி, ஒன்று கேள்விஞானம், எஞ்சிய இரண்டும் பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போன கணக்குப் பாடம்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆடையியலாளர்கள் வகுத்த விதிகளின்படி, மணற்கடிகை என்ற பட்டத்தைப் பெற, மார்புச் சுற்றிலிருந்து இடைச் சுற்றைக் கழித்தால் குறைந்தது 9 அங்குலமோ, பிட்டச் சுற்றிலிருந்து கழித்தால் குறைந்தது 10 அங்குலமோ எஞ்சவேண்டும். 6,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களின் அளவுகளை இவ்வாறு பகுத்துப் பார்த்தபோது, 46 விழுக்காட்டினர் செவ்வகமாகவும் 8 விழுக்காட்டினர் மட்டுமே மணற்கடிகையாகவும் அமைந்தனர். ஆயினும் கடையில் தொங்கும் ஆயத்த ஆடைகள் பெரும்பாலும் அந்தச் சிறுபான்மையினரை மனத்தில் கொண்டே வெட்டப்பட்டு வந்தன என்று ஆய்வாளர் கண்டனர். இவ்விதிகளின் கண்டிப்பு கவனிக்கத்தக்கது. இரு கழித்தலிலும் எல்லைக்குக் கால் அங்குலம் குறைந்து நிற்பவர் மணற்கடிகையிலிருந்து செவ்வகத்துக்கு இறக்கப்படுவார். அந்தக் கால் அங்குலம் அன்று காலை தேங்காய்ச் சம்பலுடன் உள்ளே போன இரண்டாவது கோதுமை ரொட்டியாகவும் இருக்கக்கூடும்.

இனி இடைக்கு வருவோம். தமிழ்க் கவிஞர்கள் இடை உண்டோ இல்லையோ என்று ஐயுறுவதைப் பல நூற்றாண்டுகளாகவே மரபாகக் கொண்டிருக்கின்றனர். மிக மெலிந்திருப்பதால் கண்ணுக்குப் புலப்படவில்லை என்பது அவர்கள் காட்டும் காரணம். நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் அதே ஐயம் முற்றிலும் எதிரான காரணத்தால் எழுகிறது. பக்கவாட்டில் சாய்ந்தால் எங்கே மடிப்பு விழுகிறதோ அதுவே இயற்கையான இடை என்று அழகுக் குறிப்புகள் வழிகாட்டுகின்றன; ஒரே மடிப்பு விழும் உடலினருக்கு இது நல்ல வழிதான், மூன்று மடிப்பு விழுவோருக்கு எதைத் தேர்வது என்பதை அக்குறிப்புகள் தெரிவிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் இன்னும் திட்டவட்டமானது: கையால் தொட்டு உணரக்கூடிய கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் சரிநடுவில், மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் அளக்கவேண்டும் என்பது அதன் நெறி. இந்நெறி பிழையற்றது, ஆனால் அளப்பதற்கு முன்னர் எலும்பைக் கண்டுபிடித்தாகவேண்டும்.

தோட்டத்தில் இவை இரண்டோடு மேலும் சில இடைகள் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்கள் தேயிலை வாதுகள் கிழிக்காதிருக்கச் சேலைக்கு மேல் சுற்றிக் கட்டும் தடித்த விரிப்புக்குப் படங்கு என்று பெயர். அதன் கயிறு எங்கே இறுக்கப்படுகிறதோ அங்கே ஓர் இடை பிறக்கிறது, மாலையில் கயிறு அவிழ்ந்ததும் அது மறைகிறது. தையற்காரருக்குப் பாவாடை நாடா நிற்கும் இடமே இடை. ஆண்களின் நிலை தனி ஆய்வுக்குரியது. சாரமும் காற்சட்டையும் நிற்கும் இடம் வயதுக்கு ஏற்ப வயிற்றின் கீழே கீழே இறங்கிச் செல்வதால், இருபது ஆண்டுகளாகத் தமக்கு ஒரே காற்சட்டை அளவுதான் என்று கூறும் ஆடவரின் கூற்றில் பொய் எதுவும் இல்லை. மாறாதிருப்பது நாடாவின் எண், இடம்பெயர்ந்திருப்பது இடை.

தன்னைத்தானே அளப்பதற்குத் தனிமையும் ஆளுயரக் கண்ணாடியும் தேவை. பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயக் காம்பிராவில், அதாவது வரிசை வீட்டின் ஒற்றை அறையில், இவ்விரண்டும் அரிய பொருள்கள். பவுடர் டப்பாவுக்கு மேலே ஆணியில் தொங்கும் கண்ணாடி முகத்தையும், சற்றே எட்டி நின்றால் கழுத்தையும் காட்டும். நாடா முதுகுப்புறத்தில் சரிந்து இறங்கியதை அது காட்டாது. ஆகவே இன்னொருவர் உதவி தேவைப்படுகிறது. உதவ வரும் உறவினர் “மதினி, மூச்ச இழுக்காதீங்க, அப்பறம் நாடா பொய் சொல்லும்” என்று எச்சரித்துவிட்டுக் கிடைத்த எண்ணை உரக்கப் படிப்பார். லயத்துச் சுவர்கள் கூரைவரை எட்டாத இடங்களில் அந்த எண் மூன்றாவது காம்பிராவுக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்பதால், அளவீட்டைச் சரிபார்க்கச் சாட்சிகளுக்குக் குறைவில்லை.

எண் கிடைத்த பிறகும் அது எந்த அலகில் உள்ளது என்ற கேள்வி எஞ்சுகிறது. தையற்காரர் அங்குலத்திலும் தாதி சென்ரிமீற்றரிலும் பேசுகின்றனர்; ஓர் அங்குலம் 2.54 சென்ரிமீற்றர். பதுளைக் கடைத்தெருவில் 34 என்ற எண்ணைக் கேட்டு மகிழ்ந்த பெண், சிகிச்சை நிலையத்தில் அதே சுற்றளவு 86 என்று எழுதப்படுவதைக் காண நேரும். சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2005-இல் தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் ஆண்களுக்கு 90-ஐயும் இடைச் சுற்றின் எல்லையாக வைத்தது. ஐரோப்பிய ஆண்களுக்கோ 94. ஆக, 92 சென்ரிமீற்றர் வயிறுள்ள ஆடவர் வேறொரு கண்டத்தில் பிறந்திருந்தால் தேறியிருப்பார். இது ஓரவஞ்சனை அன்று. தெற்காசிய உடல்கள், பார்வைக்கு மெலிந்திருக்கும்போதே வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு விரைவில் நீரிழிவுக்கு ஆளாகின்றன என்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். பிரெஞ்சு மருத்துவர் ழான் வாக் 1947-இலேயே, கொழுப்பு எவ்வளவு என்பதோடு எங்கே படிகிறது என்பதும் நோயைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார். அப்பிளுக்கும் பேரிக்காய்க்கும் மருத்துவ மதிப்பு வந்தது அந்த வழியில்தான்.

அளப்பவர் யார் என்பதைப் பொறுத்து அளவின் நோக்கமும் மாறுகிறது. அமெரிக்க வேளாண் துறை 1939, 1940 ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பெண்களை, ஆளுக்கு 59 இடங்களில் அளக்கச் செய்தது. ஆயத்த ஆடைகளுக்குப் பொது அளவு வகுப்பதே நோக்கம். ஆனால் அளவு கொடுக்க வந்த வெள்ளையரல்லாத பெண்களின் எண்கள் இறுதிக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. நம் சிற்ப மரபு வேறு வழியில் சென்றது. அதில் தாலம் என்பது ஒரு முக நீளம், அதாவது 12 அங்குலம். இந்த அங்குலமோ தையற்காரர் நாடாவில் இருப்பதன்று, சிலையின் உயரத்தையே வகுத்துப் பெறுவது. சிவனும் திருமாலும் 124 அங்குலம் கொண்ட உத்தம தசதாலத்தில் அமைய, பிள்ளையார் ஐந்து தாலத்தில் நிறைவாக அமர்ந்திருக்கிறார். அவரை அப்பிள் வகையில் சேர்த்து, நெடுக்குக் கோடு போட்ட ஆடை உடுத்தினால் மெலிந்து தெரிவார் என்று எந்த ஸ்தபதியும் பரிந்துரைத்ததில்லை. எண்சாண் உடம்பு என்ற பேச்சு வழக்கும் இந்த நியாயத்தைச் சார்ந்ததே: தத்தம் சாணால் அளந்தால் நெட்டையரும் குட்டையரும் எட்டுச் சாணில் வந்து நிற்பர்.

தோட்டத்து உடல்களோ நெடுங்காலம் பிறர் அலகாலேயே அளக்கப்பட்டவை. 2016-ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் ஏறத்தாழ 17 விழுக்காடு, தோட்டங்களில் ஏறத்தாழ 32. உயரமாகத் தோன்றக் கழுத்து இறங்கிய சட்டை அணிக என்னும் அறிவுரை இவ்விடத்தில் சற்றுத் தாமதமாக வந்து சேர்கிறது. உயரம் சட்டைக்கு முன்பே சட்டியில் தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

எனினும் அளவீட்டு அறிவு தோட்டத்துக்குப் புதிதன்று. மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், தராசில் ஏறும் கொழுந்துக்குக் கூடையின் எடை இவ்வளவு, ஈரம் இவ்வளவு என்று கிலோக்கள் குறைக்கப்படும். அந்தக் குறைப்புக்குக் கழிவு என்று பெயர். தலைமுறை தலைமுறையாகத் தன் உழைப்பிலிருந்து கழிவு கொடுத்துவந்த பெண், இப்போது சுகாதார நிலையத்தின் தராசில் ஏறி நிற்கும்போது, சேலைக்கு ஒன்று, பின்கொசுவத்துக்குக் கால், காலையில் குடித்த தேத்தண்ணிக்கு அரை என்று கழிவு கேட்பது முறைதான். தாதி அதற்கு இணங்குவதில்லை. தையற்காரர் மட்டுமே இணங்குகிறார்: தீபாவளி நெருக்கடியிலும், கேளாமலே, பக்கத் தையலின் உள்ளே ஓர் அங்குலத் துணியை மடித்து விட்டுத் தைக்கிறார், அடுத்த ஆண்டு பிரித்துவிடுவதற்காக. உடல் வடிவம் பற்றிய விதிகள் அனைத்தும் உடல் நேற்று எப்படி இருந்தது என்பதைச் சொல்ல, அது நாளை என்ன ஆகும் என்பதற்கு இடம் விட்டு வெட்டும் அறிஞர் அவர் ஒருவரே. அவர் வாடிக்கையாளரிடம், நீங்கள் எந்தப் பழம் என்று ஒருபோதும் கேட்டதில்லை.