துருவித் துருவி...

கே: காயலான் கடையில் துருப்பிடித்த கைத்துப்பாக்கி ஒன்றைப் பார்த்தேன். பக்கத் தகட்டில் பின்னங்காலில் நிற்கும் சிங்கம். இலங்கையில் செய்ததா சார்? (கும்மிடிப்பூண்டி வாசகர்)

ப: இலங்கைச் சிங்கம் வாள் பிடிக்கும். இது கிரீடம் பிடித்திருக்கிறதா, பாருங்கள். பிடித்திருந்தால் கிழக்கிந்தியக் கம்பெனி. 1808-லிருந்து துப்பாக்கிகளில் கம்பெனி இந்தச் சிங்கத்தைப் பொறித்தது. அதற்கு முன் நான்காகப் பிரித்த இதய வடிவம். சரக்கு மூட்டையில் குத்திய அதே குறி. மிளகானாலும் மருந்தானாலும் அவர்களுக்குச் சரக்குதானே!

அடுத்து சுத்தியலைக் கவனியுங்கள். சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் தாடை இருந்தால் பழைய வகை. கேப் மாட்டும் சின்ன முளை இருந்தால் பெரும்பாலும் 1840-களோ அதற்குப் பிறகோ. பழசை மாற்றிக் கட்டியதாகவும் இருக்கலாம். பித்தளைப் பாகங்களில் எண்ணோ எழுத்துச் சுருக்கமோ வெட்டியிருந்தால் அதிர்ஷ்டம். அது பட்டாளத்தின் அடையாளமாக இருக்கக்கூடும். அதைக் குறித்துக்கொண்டு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். துப்பாக்கியின் கதை கிடைக்காவிட்டாலும் பட்டாளத்தின் கதை கிடைக்கும்.

கே: புளி போட்டுத் தேய்த்தால் முத்திரை பளிச்சென்று தெரியுமா? (பொன்னேரி வாசகி)

ப: குத்துவிளக்குக்குத் தெரியும். இதில் துருவோடு முத்திரையும் போய்விடும். எண்ணெய் தொட்ட துணி போதும், அதுவும் பிறகு. குழாய்க்குள் பழைய மருந்து கெட்டித்துக் கிடந்தால் இன்றும் வெடிக்கும். உள்ளே என்ன இருக்கிறதென்று கண்ணை வைத்துப் பார்க்கும் ஆராய்ச்சி வேண்டாம்.

கே: ஹைதர் அலியின் படையை எதிர்த்துச் சுட்ட துப்பாக்கி என்று கடைக்காரர் சத்தியம் செய்கிறாரே? (திருவள்ளூர் வாசகர்)

ப: ஊர் சரி, காலம்தான் இடிக்கிறது. 1781 ஆகஸ்டில் கம்பெனித் தளபதி ஐர் கூட் திருப்பாச்சூர் கோட்டையைப் பிடித்தார். அதே மாதம் 27-ம் தேதி புள்ளலூரில் சண்டை. ஆனால் ஹைதர் இறந்தது 1782-ல். சிங்க முத்திரை வரும்போது அவர் போய் 26 வருஷம்! இதய முத்திரை உள்ள ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் சத்தியத்தைப் பரிசீலிக்கலாம்.

கே: எங்கள் ஊர் டச்சுக்காரர்கள் விட்டுப்போனதாக இருக்கக்கூடாதா? (பழவேற்காடு வாசகர்)

ப: ஏன் கூடாது? 1613-ல் கோட்டை கட்டி, வெடிமருந்தும் தயாரித்தவர்கள் ஆயிற்றே. ஒன்றன்மேல் ஒன்று பின்னிய வி.ஓ.சி. எழுத்துகளைத் தேடுங்கள். கிடைத்தால் கப்பலோட்டிய தமிழரின் துப்பாக்கி என்று கிளப்பிவிடாதீர்கள். அது டச்சுக் கம்பெனியின் சுருக்கம்.

கே: உருக்காலைக்கு வரும் வெளிநாட்டு ஸ்கிராப்பில் இது வந்திருக்குமா? (சிப்காட் தொழிலாளி)

ப: வரலாம். இதில் மட்டும் ஜோக் கிடையாது. 2004-ல் டெல்லியை அடுத்த சாகிபாபாத்தில், இறக்குமதியான ஸ்கிராப்பில் கலந்திருந்த குண்டு வெடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். துண்டாக்காத ஸ்கிராப்புக்கு, கப்பலேறும் முன்பே சோதனைச் சான்று என்ற கண்டிப்பு அதன் பிறகு வந்ததுதான். லாட்டில் துப்பாக்கியோ ஷெல்லோ தெரிந்தால் தொடாமல் சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள். வேலை நின்றால் நிற்கட்டும்.

கே: ஷோகேஸில் வைத்துக்கொள்ளலாமா? (ஊத்துக்கோட்டை வாசகர்)

ப: 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவில் பழம்பொருளுக்கு விலக்கு உண்டு, ரிப்பேர் செய்தாலும் சுடாது என்ற நிலையில் இருந்தால். அதைத் தீர்மானிப்பது நீங்களோ காயலான் கடைக்காரரோ அல்ல. முதலில் காவல் நிலையம். மண்ணைத் தோண்டி எடுத்ததென்றால் கலெக்டருக்கும் சொல்ல வேண்டும்: 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே பிடிக்கும். அன்றைய பத்து ரூபாயை இன்னும் மாற்றவில்லை!

கே: நம் திருவள்ளூர் மாவட்டத்தின் மிகப் பழைய ஆயுதம் எது? (பூண்டி மாணவி)

ப: உங்கள் பக்கத்து அதிரம்பாக்கத்துக் கற்கோடரி. 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டறிந்த இடம். அங்குள்ள கருவிகளின் வயது 15 லட்சம் ஆண்டுகள் வரை போகிறது. முத்திரை இல்லை, வரிசை எண் இல்லை, லைசென்ஸும் வேண்டாம். ஆனால் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள், அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது.