மில்லிமீட்டர் மாமா

மாட்டுங்காவில் இவரை அடையாளம் காண்பது சுலபம். ஊரார் காரின் முகத்தைப் பார்த்து வாயைப் பிளக்கும்போது இவர் மட்டும் பின்னால் போய்க் குந்துவார். பெருமாள் புறப்பாட்டில் பின்னழகு சேவிக்கக் காத்திருக்கும் பாட்டிமாரின் முகக்களை அப்போது அவருக்கு வந்துவிடும்.

வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பாந்த்ரா குர்லா வளாகத்தில் வங்கியொன்றில் பெரிய உத்தியோகம். பிள்ளை அமெரிக்கா போனதும் வீட்டில் விழுந்த வெறுமையை நிரப்ப, இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருப்பார். வாங்கிய வாரமே கண்டுபிடித்துவிடுவார்: வலது பின் டயர் மட்கார்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது, இடது உள்ளே பதுங்குகிறது. வித்தியாசம் 6 மில்லிமீட்டர்.

"ஏன்னா, இதுக்கா ராத்திரி டார்ச் அடிச்சுண்டு கீழே உட்கார்ந்திருக்கேள்? வாட்ச்மேன் என்னைப் பார்த்துச் சிரிக்கறான்" என்பார் மாமி.

ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ் சர்க்கிளில் கஃபே மெட்ராஸ் வரிசையில் நிற்பவர்களிடமெல்லாம் கைபேசிப் படத்தை நீட்டுவார். ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் காலி மேஜை கிடைக்கவேண்டுமே என்று எல்லோரும் "ஆமாம் சார், நல்லாவே தெரியுது" என்பார்கள். பம்பாயில் வைத்தியம் தெரியாத ஆள் ஏது? உள்ளடங்கிய பக்கம் சக்கரத்தை வெளியே தள்ள ஒரு ஸ்பேசர் தகடு போட்டுவிடுங்கள் என்று யாராவது மருந்தும் எழுதிக் கொடுப்பார்கள்.

கடைசியில் தாராவி, 90 அடி ரோட்டுக்குப் பக்கத்துச் சந்து. அங்குள்ள திருநெல்வேலிக்கார மெக்கானிக், குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினி டாக்சிகளின் அடியில் படுத்துத் தொழில் கற்றவர். அந்த டாக்சிகளே 2023 அக்டோபரோடு ஓய்ந்துவிட்டன, இவர் ஓயவில்லை.

"மொதல்ல ரெண்டு வீலையும் இடம் மாத்திப் பாப்பம் சார். கோளாறு வீலோட போச்சுன்னா ரிம்மு. அங்கனயே நின்னுதுன்னா அடியில."

அங்கேயே நின்றது. அடுத்து கொத்தனாரின் தூக்குக்குண்டை எடுத்து மட்கார்டின் விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்முக்கும் இடைவெளி அளந்தார். லட்சக்கணக்கில் விலைபோன காரின் மானம் ஒரு நூலில் தொங்கியதை மாமா மூச்சடக்கிப் பார்த்தார்.

பின்சக்கரங்களைத் தாங்கும் கைகளெல்லாம் சப்ஃப்ரேம் என்ற இரும்புச் சட்டத்தில் மாட்டியிருக்கும். சட்டம் பெரிய போல்ட்டுகளால் பாடியோடு சேரும். போல்ட்டைவிடத் துளை சற்றுப் பெரிது. அந்த இடைவெளிக்குள் சட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்துவிடுவதுண்டு. மெக்கானிக் போல்ட்டுகளைத் தளர்த்தி, நெம்பி, மறுபடி இறுக்கினார்.

"எவ்வளவு நகர்த்தினே?"

"மூணு மில்லி."

"வித்தியாசம் ஆறாச்சே! பாதி வேலைக்கா முழுக்கூலி?"

"இந்தப் பக்கம் மூணு உள்ள போனா அந்தப் பக்கம் மூணு வெளிய வரும்லா சார்."

வங்கிக் கணக்கில் பழம் தின்று கொட்டை போட்டவருக்கு இந்தக் கணக்கு ஏற வெகுநேரம் பிடித்தது. ஸ்பேசர் பேச்சை எடுத்தபோதும் மெக்கானிக் மசியவில்லை. அச்சு ஒதுங்கினபடியே கிடக்கும், நாம் மறைத்துத்தான் வைத்திருப்போம் என்று முடித்துவிட்டார். என் கட்சியும் அதுதான். சட்டம் நகர்ந்தால் சக்கரக் கோணமும் மாறக்கூடும் என்பதால், உடனே நாலு சக்கரத்துக்கும் அலைன்மென்ட் பார்க்கச் சொன்னார். கூடவே ஓர் உபதேசம்: "குழியில இறக்காம ஓட்டுங்க."

இதை ஜூன் மாதம் மும்பைக்காரரிடம் சொன்னார்! மாமா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மழைக்காலம் முழுக்கக் காருக்குப் போர்வை. அவருக்கு லோக்கல் ரயில். மழை விட்டதும் ஓர் அதிகாலை செம்பூர் பக்கம் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் ஏற்றி, போக்குவரத்து விதி அனுமதிக்கும் வேகத்தில் போய்த் திரும்பி, பின்னால் குந்திப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவார்.

சொந்தக் கார் சரியானதும் அடுத்தவர் கார்கள் மேல் கருணை பிறந்துவிடும். ஆகவே மாட்டுங்காவில் கார் நிறுத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பின்பக்கம் சுவரை ஒட்டியிருக்கும்படி நிறுத்துங்கள்.