அசைவு அழிவதில்லை: எம்ஜிபி காரின் புஷ் தேர்வு பற்றி ஓர் ஆராய்ச்சி

ஆராயத் தக்க பொருள், ஆராயத் தகாத பொருள் என்று இரண்டு உண்டென்றும், பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சஸ்பென்ஷன் புஷ் இரண்டாவதன் பாற்படும் என்றும் கூறுவார் உளர். அவர் கூற்று பொருந்தாது. கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் துண்டைப் பற்றி, வேறெதிலும் கருத்து வேறுபடாத நல்ல மனிதர்கள் இரவு முழுக்கச் சண்டையிடுகிறார்கள் என்றால், அந்தத் துண்டில் ஏதோ பொருள் இருக்க வேண்டும். இல்லையேல் அந்த மனிதர்களிடம் ஏதோ இருக்க வேண்டும். இரண்டில் எது என்றாலும் ஆராய்ச்சிக்கு உரியதே. எல்லா வண்டிகளையும் எடுத்துக்கொண்டால் கட்டுரை முடியாது. ஆகவே இங்கிலாந்தின் ஆபிங்டன் ஊரில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட எம்ஜிபி என்னும் ஒரே காரை, அதிலும் பெரும்பாலும் அதன் முன்சக்கரத்தை, எல்லையாகக் கொள்கிறோம். இவ்வளவு பேர் வைத்திருந்த ஸ்போர்ட்ஸ் கார் வேறு சிலவே என்பதால், புஷ் குறித்த கருத்துகளும் இதற்குத்தான் ஏராளம்.

முதலில் பொருளை அறிவோம். எம்ஜிபியின் முன்சக்கரத்தை மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் தாங்குகின்றன. மேல் கை வேறொன்றுமில்லை, நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பரின் கைதான். சிக்கனம் அன்றைய ஆங்கிலேயப் பொறியியலின் அழகுகளில் ஒன்று. கீழ்க் கை இரண்டு கவைகளாகப் பிரிந்து, வண்டியின் குறுக்குச் சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும். அந்தப் பூட்டு இடங்களில்தான் புஷ். பக்கத்துக்கு இரண்டு மூட்டு, மூட்டுக்கு இரண்டு பாதி, ஆக எட்டு ரப்பர் பாதிகள். இவற்றை மாற்ற நினைப்பவர் முன் நான்கு வழிகள் உள்ளன. பழையபடியே வெறும் ரப்பர் பாதிகள், 1973இல் வந்த எம்ஜிபி ஜிடி வி8 காருக்கென ஆலையே தேர்ந்த, உள்ளும் புறமும் இரும்புக் குழாய்க்கு நடுவே ரப்பரை ஒட்டிவைத்த ஒற்றைப் புஷ், பாலியூரித்தேன், கடைசியாக நைலான் போன்ற கெட்டிப் பொருள்கள். வி8 கார் 2,591 மட்டுமே செய்யப்பட்டது. அதன் புஷ்ஷோ அந்தக் காரைக் கண்ணால் கண்டிராத ஆயிரக்கணக்கான எம்ஜிபிகளுக்குள் குடியேறிவிட்டது. ஒரு காரின் வாரிசாக அதன் புஷ் மட்டும் பல்கிப் பெருகிய வரலாறு இது.

இந்த நான்கு நெறியாரும் தத்தம் கட்சிக்குக் காட்டும் சான்று ஒன்றே: “மாற்றினேன், வண்டியே வேறு வண்டி ஆகிவிட்டது.” ரப்பர் போட்டவரும் இதையே சொல்வார், நைலான் போட்டவரும் இதையே சொல்வார். ஒன்றுக்கொன்று முரணான நான்கு கொள்கைகளை ஒரே சான்று நிறுவுமானால், அது எதையும் நிறுவவில்லை என்பது தெளிவு. காரணம் எளிது. எவரும் புதுப் புஷ்ஷை இன்னொரு புதுப் புஷ்ஷோடு ஒப்பிடவில்லை. நாற்பது ஆண்டாக எண்ணெயிலும் சேற்றிலும் ஊறி, ஓசோன் பட்டு வெடித்து, ஒரு பக்கம் நசுங்கி, போல்ட் கிட்டத்தட்ட இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு சடலத்தோடுதான் ஒப்பிடுகிறார்கள். பிரேக் அடித்தால் கீழ்க் கையே முன்பின்னாக நகர்ந்து, ஸ்டியரிங்கின் கோணம் தன்னிச்சையாக மாறும் நிலையிலிருந்து எதற்கு மாறினாலும் முன்னேற்றம்தான். தேக்கங்கட்டையைக் கடைந்து போட்டிருந்தாலும் முதல் வாரம் இதே பாராட்டு கிடைத்திருக்கும். ஆகவே உரிமையாளர் வாக்குமூலம் முழுவதையும் இந்த ஆய்வு தள்ளுபடி செய்கிறது. இதனால் நம் ஆதாரங்களில் பெரும்பகுதி போய்விடுகிறது என்பது உண்மையே; மிச்சத்தின் தரம் உயர்கிறது.

மிஞ்சுவது இயக்கம் ஒன்றே. சக்கரம் மேலேறிக் கீழிறங்கும்போது கீழ்க் கை புஷ்ஷை அச்சாகக் கொண்டு சுழல்கிறது. இந்தச் சுழற்சி எங்கே போகிறது? இதுவே நம் ஆய்வின் ஒரே கேள்வி. இதற்கு ‘அசைவு அழிவின்மை’ என்று ஒரு விதி வகுக்கலாம்: சக்கரத்தில் புகுந்த அசைவு எங்கேனும் போயே தீரும், போக இடம் கொடுக்காவிட்டால் தானே இடம் தேடிக்கொள்ளும். வி8 புஷ்ஷில் உள்குழாய் குறுக்குச் சட்டத்தோடும் வெளிக்குழாய் கையோடும் இறுகியிருக்க, இரண்டுக்கும் நடுவே உள்ள ரப்பரே முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. எதுவும் எதன்மேலும் உராய்வதில்லை. அசைவு ரப்பரின் உள்ளே போய், சிறிது வெப்பமாகி, அங்கேயே அடங்குகிறது. பாலியூரித்தேன் பொதுவாக எதோடும் ஒட்டப்படுவதில்லை. அது குழாயின்மேல் வழுக்கிச் சுழல வேண்டும். வழுக்க கிரீஸ் வேண்டும். மழையிலும் புழுதியிலும் கிரீஸ் கழுவப்பட்டதும் அது கீச்சிடத் தொடங்கும். நைலான் இன்னும் கண்டிப்பானது. வளையாது, நசுங்காது, சாலையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லையும் ஓட்டுநரின் முதுகெலும்புக்குத் தனித்தனியே அறிமுகம் செய்துவைக்கும். ரப்பரில் உள்ளே, பாலியில் மேற்பரப்பில், நைலானில் இரும்புக்கும் எலும்புக்கும்: அசைவின் கதி இம்மூன்றே.

ரப்பரை வெறும் அடைப்பான் என்று எண்ணி இகழ்வாருக்கு ஓர் இடைக்குறிப்பு. 1959இல் வந்த மினி கார் இரும்புச் சுருளே இல்லாமல் ரப்பர்க் கூம்புகளின்மேல் நின்றது. அந்தக் கூம்புகளை வடிவமைத்தவர் அலெக்ஸ் மோல்ட்டன். பதப்படுத்திய ரப்பரின் மாதிரிகளை அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் குட்இயரிடமிருந்து 1840களில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த ஸ்டீபன் மோல்ட்டன் அவருடைய கொள்ளுத்தாத்தா. எம்ஜிபி வெளிவந்த காலத்தில் உலக இயற்கை ரப்பரில் முதலிடம் மலாயாவுக்கு. அங்கே விடியலில் பால் மரம் வெட்டியவர்களில் தமிழர் மிகப் பலர். ஆபிங்டன் ரப்பரைக் குறைத்துப் பேசும் தமிழ் வாசகர் இதைக் கருத்தில் கொள்க.

இனி மறுப்புகள். பந்தயக் காரில் ரப்பரே இல்லையே, கெட்டி மூட்டுதானே போடுகிறார்கள் என்பது முதலாவது. மெய்தான். பந்தயக் காரின் மூட்டுகளை ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னும் பின்னும் சோதிக்கவும், தேய்ந்தால் தூக்கி எறியவும் ஆட்கள் உண்டு. அதில் மனைவியை அமர்த்தி ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்குப் போவார் இல்லை. ஒரு வண்டி செய்யாத வேலைக்காக அதன் புஷ்ஷைத் தேர்வது, வாய்க்கா வழக்குக்கு வக்கீல் வைத்த கதை.

இரண்டாம் மறுப்பு தூய்மைவாதிகளுடையது. ஆலை போட்டதே போட வேண்டும், பாலியூரித்தேன் என்ற பெயரையே எம்ஜி அருகில் உச்சரிக்கக் கூடாது என்பர். இவர்களை வரலாறே கைவிடுகிறது. அமெரிக்காவின் மோதல் விதிகளுக்காக 1974 இறுதியில் எம்ஜிபிக்குப் பெரிய கறுப்பு பம்பர் வந்தது. வண்டியையும் சற்று உயர்த்தினார்கள். உலகம் முழுதும் ‘ரப்பர் பம்பர்’ என்று பழிக்கும் அது உண்மையில் இரும்பின்மேல் வார்த்த பாலியூரித்தேன். ஆக, மூக்கிலேயே அதை அணிந்து ஆலையிலிருந்து வெளிவந்த காருக்கு, வயிற்றின் அடியில் அது தீட்டு என்பது நிற்காத வாதம். நாம் வி8 புஷ்ஷைப் பரிந்துரைப்பது அது ஆலைச் சரக்கு என்பதற்காக அன்று. முன்பின் நகர்வைக் கட்டுப்படுத்திக்கொண்டே சுழற்சிக்கு இடம் கொடுக்கிறது என்பதற்காக. வெறும் ரப்பர் பாதிகள் இரண்டாவதைச் செய்து முதலாவதில் தளர்கின்றன. நைலான் முதலாவதைச் செய்து இரண்டாவதை மற்றவர் தலையில் கட்டுகிறது.

மூன்றாம் மறுப்பில் வலு உண்டு. இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, பட்டால் ஊதி மென்மையாகும்; பாலியூரித்தேன் எண்ணெயைத் தாங்கும். ஆங்கிலேய எஞ்சின் எண்ணெயைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும் என்று எவரும் உறுதி கூறியதில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எஞ்சின் ஒழுகுகிறது என்பதற்காகப் புஷ்ஷை மாற்றுவதைவிட ஒழுகலை நிறுத்துவது மலிவு என்ற கருத்தும் ஆராயத் தக்கது.

பாலியூரித்தேன் இவ்வளவு விற்பதன் உண்மைக் காரணத்தை இதுவரை எவரும் சொல்லத் துணியவில்லை. அது கையால் போய்விடும். இரண்டு பாதியையும் கிரீஸ் தடவி விரலால் அழுத்தினால் வேலை முடிந்தது. வி8 புஷ்ஷோ நுழைய மறுக்கும். பிரஸ் வேண்டும், அல்லது பெரிய வைஸும் சோப்புத் தண்ணீரும் பொறுமையும் வேண்டும். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் மனிதனுக்கு எஞ்சியிருப்பது இவற்றுள் சோப்புத் தண்ணீர் மட்டுமே. அத்தோடு பாலி ஊதாவிலும் சிவப்பிலும் மஞ்சளிலும் கிடைக்கிறது. பூட்டிய பிறகு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தாலன்றிக் காண முடியாத ஒரு பொருளுக்கு நிறம் எதற்கு என்று கேட்கலாம். வாங்கும்போது தெரிகிறது அல்லவா. தேர்வு நடப்பதும் அப்போதுதானே.

பின்சக்கரத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அங்கே பட்டை ஸ்பிரிங்கும் ஒற்றை அச்சும். வண்டி வளைவில் சாயும்போது பட்டையே முறுக வேண்டும், அதற்குப் பின்முனைத் தொங்கு இணைப்பு நெகிழ்ந்து கொடுக்க வேண்டும். அங்கே கெட்டிப் புஷ் போடுவது அசைவுக்குக் கதவடைப்பது. ரப்பரே போதும். சுழற்சி குறைவான ஆன்டி ரோல் பார் பிடிகளில் பாலியூரித்தேனைத் தாராளமாகப் போடலாம், அங்கே நிறத்தையும் அவரவர் விருப்பத்துக்கே விடலாம்.

எஞ்சியது ஆயுள் பற்றிய வாதம்: ரப்பர் இரண்டே வருடத்தில் கிழிந்துவிடுகிறது என்ற பரவலான புகார். இதை ஆராயப் புகுந்தால், குற்றவாளி ரப்பர் அன்று என்று தெரிகிறது. ஒட்டிய புஷ்ஷின் ரப்பர், நட்டை முடுக்கிய கணத்தில் கை எந்தக் கோணத்தில் இருந்ததோ அதையே தன் ஓய்வு நிலை என்று கொள்ளும். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரம் தொங்க, அந்த நிலையிலேயே நட்டை இறுக்கிவிட்டு இறக்கினால், நின்றாலும் ஓடினாலும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். அதன்மேல்தான் சாலையின் முறுக்கும் சேரும். வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, அதன் எடை முழுதும் இறங்கிய பிறகே இறுதி முடுக்கு முடுக்க வேண்டும். இதற்குக் கீழே படுத்து, இடுக்கில் ஸ்பேனரைத் திருப்ப வேண்டும் என்பதால் பலர் ஜாக்கியிலேயே முடித்துவிடுகிறார்கள். பிறகு ரப்பர் கிழியும். உரிமையாளர் ரப்பரைத் திட்டி, ஊதா நிறப் பெட்டி ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு, வண்டியே வேறு வண்டி ஆகிவிட்டது என்பார்.