தஞ்சைச் சுற்றுலாவை முறைப்படி சொதப்புவது எப்படி?

முதலில் தேதி. குடும்பத்தோடு போகிற சுற்றுலாவில் பாதிக் காரியம் தேதி குறிக்கும்போதே கெட்டுவிட வேண்டும். மீதியை வழியில் பார்த்துக்கொள்ளலாம். மே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு, மாப்பிள்ளைக்கு ஆபீஸ் லீவு, பெங்களூரில் இருக்கும் சித்தப்பாவுக்கும் எப்படியோ லீவு கிடைத்துவிடும். காவிரிக்கும் அப்போது லீவுதான்.

மேட்டூர் அணையை டெல்டா பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அங்கே மதகைத் தூக்கினால் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று, நான்கு நாள் ஆகும். கடைமடைக்கு வருவதற்குள் உங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்து முதல் டெஸ்டே முடிந்திருக்கும். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். அந்த மாதிரி ஆண்டுகளில் ஆற்றில் தண்ணீர் வந்து திட்டத்தைக் கெடுத்துவிடும், கவனம். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. (அந்த ஆண்டு ஆற்றுத் தண்ணீரை நம்பிக் குறுவைக்குக் காத்திருந்தவர்கள் பட்ட பாட்டை வைத்துச் சிரிப்பதற்கில்லை, அது வேறு கதை.) பொதுவாக, மே மாதம் வந்தால் மணல் நிச்சயம்.

தேதி முடிவானதும் பெரியப்பா, "தஞ்சாவூர் ஜில்லான்னா சும்மாவா? கண்ணுக்கெட்டின தூரம் பச்சைப் பசேல்னு கெடக்கும் பாரு" என்று எல்லோரிடமும் சொல்லியிருக்க வேண்டும். இது கட்டாயம். ஆசை காட்டாமல் ஏமாற்றம் வராது. சம்பா அறுவடை தை, மாசியோடு சரி. அந்த ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் சித்திரைக் கடைசிக்குள் பெரும்பாலும் வீடு வந்து சேர்ந்துவிடும். அதற்கப்புறம் வயலில் இருப்பது வெடித்த களிமண்ணும், ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஓட்டிவந்து கிடை போட்ட ஆடுகளும்தான். ராத்திரி ஆடு படுத்த வயலுக்கு அதைவிட நல்ல எரு கிடையாது. ஆனால் கண்ணாடியை ஏற்றி ஏசியில் உட்கார்ந்திருக்கும் பேரனிடம் எருவின் பெருமையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? திருவையாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, "இதான்டா காவேரி" என்று காட்டினால், "தண்ணி எங்க தாத்தா?" என்பான். உடனே பெரியப்பா கர்நாடகத்தை இழுப்பார். மாப்பிள்ளை திரும்பி பெங்களூர் சித்தப்பாவைப் பார்ப்பார். வண்டிக்குள் முதல் கட்சி பிரிந்தாயிற்று.

ரயிலை மறந்துவிட்டேன். முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்னால் டிக்கெட் எடுக்கலாம்; 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். வீட்டில் ஒருவர் பழைய கணக்கில் நான்கு மாதம் முன்னாலேயே முயன்று பார்த்து, "இன்னும் திறக்கலை" என்று விட்டுவிட வேண்டும். அறுபதாவது நாள் காலையில் யார் போனோடு உட்காருவது என்பதை அவரவர் அடுத்தவர் தலையில் கட்டிவிட்டால் மற்றது தானாக நடக்கும். மாமியாருக்கு அப்பர் பெர்த், அவர் மூட்டுவலித் தைலம் இன்னொரு கோச்சில்.

கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் பாபநாசம் ஸ்டேஷன் வரும். 2015-இல் கமல் நடித்த படத்தைப் பார்த்த குழந்தை ஒன்று உங்களோடு இருந்தால், அது அருவியில் குளிக்கத் துண்டோடு எழுந்து நிற்கும். அருவி இருப்பது திருநெல்வேலிப் பக்கத்துப் பாபநாசத்தில் என்று விளக்காதீர்கள். "திரும்பி வரும்போது பார்க்கலாம்" என்று சொல்லி வையுங்கள். திரும்பி வரும்போது அழுவதற்கும் ஏதாவது வேண்டும்.

இனி, நாள் திட்டம். ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் ஒரே நாளில் முடிப்பது என்று தீர்மானியுங்கள். திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார் கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன் கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு. மேற்கே திருவையாற்றுப் பக்கம் தொடங்கி, கிழக்கே புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்ட காரைக்கால் மாவட்டத்தில் முடியும். (திருநள்ளாறு என்றதும் சித்தப்பாவுக்குத் திடீரென்று பக்தி பொங்கும். காரைக்காலில் சரக்கு என்ன விலை என்று யாரும் கேட்க வேண்டாம்.) இதெல்லாம் முடியாத காரியம் ஒன்றுமில்லை. கும்பகோணத்திலிருந்து அரசு பஸ்ஸே ஒரே நாளில் ஒன்பதையும் காட்டிக் கூட்டிவருகிறது. ஆனால் அந்த பஸ் விடியற்காலையில் கிளம்பும்; யாருடைய இரண்டாவது காபிக்காகவும் நிற்காது. ஆகவே அதில் ஏறக் கூடாது. தனி வண்டிதான் நமக்குச் சரி. பன்னிரண்டு சீட் டெம்போ டிராவலர், பதினாலு பேர்.

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ராகு காலம் மாலை நாலரையிலிருந்து ஆறு. திருநாகேஸ்வரத்தில் ராகு காலத்தில் நடக்கும் பாலாபிஷேகம் விசேஷம். ராகுவின் மேல் ஊற்றும் பால் நீல நிறமாக மாறும் என்று நம்பி அதைப் பார்க்கவே கூட்டம் நெரியும். நீங்களும் முண்டியடித்துப் பார்ப்பீர்கள். பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு வெளியே வந்தால் மாமியார் வண்டியில் ஏற மாட்டார். "ராகு காலத்துல எங்கயாவது கிளம்புவாங்களா?" கோயிலுக்குள்ளே எந்த ராகு காலம் புண்ணியமோ, வாசலில் அதே ராகு காலம் தோஷம். ஆறு மணி வரை வண்டி நிற்கும். டிரைவர் சீட்டைச் சாய்த்துத் தூங்குவார். மிச்சக் கோயில்கள் பாக்கி நிற்கும்.

அதற்கு முந்தின நாள் நடுப்பகலைச் சரியாக வீணாக்கியிருக்க வேண்டும். டெல்டாவில் பெரும்பாலான கோயில்களில் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் இதை வைத்தே நாளைப் போடுவார்கள்: விடியலில் கிளம்பி, வெயில் ஏறுமுன் இரண்டு மூன்று கோயில், சாப்பாடு, ஒரு தூக்கம், பிறகு மறுபடி. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். லாட்ஜில் வெந்நீர் ஒரு பாத்ரூமில் மட்டும் வருகிறது என்பதைக் காரணம் காட்டி ஒன்பதரைக்குக் கிளம்புங்கள். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் வாசலுக்குச் சரியாகப் பன்னிரண்டே காலுக்கு வந்து, செருப்பைக் கழற்றுங்கள். பாய் விரித்த பாதை இருந்தால், அதை விட்டு இறங்கி நந்திக்கு முன்னால் குடும்பத்தோடு போட்டோ எடுக்க நில்லுங்கள். வெயிலில் காய்ந்த கருங்கல்லில் பதினாலு பேரும் ஒரே நேரத்தில் இரண்டு காலையும் ஊன்றி நிற்கும் படம் இதுவரை எந்தக் குடும்ப ஆல்பத்திலும் நான் பார்த்ததில்லை. ஒற்றைக் காலில் அத்தை, குதிகாலில் மாப்பிள்ளை, சித்தியின் இடுப்பில் ஏறிவிட்ட எட்டு வயதுப் பையன். சந்நிதி சாத்தியாயிற்று. நாலு மணிக்கு மறுபடி வரலாம்.

மறுபடி வரும்போதுதான் பெரியப்பாவின் நேரம். ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்தது, விமானம் கிட்டத்தட்ட 216 அடி என்பதெல்லாம் சரியாகவே சொல்வார். அப்புறம் ஆரம்பிக்கும். நந்தி நாளுக்கு நாள் வளர்ந்தது, முதுகில் ஆணி அடித்து நிறுத்தினார்கள் என்பார். அந்த நந்தி நாயக்கர் காலத்தது என்று யாரும் குறுக்கே பேசக் கூடாது. ஐந்து மணி இருக்கும். சூரியன் விமானத்துக்குப் பின்னால் மேற்கே இறங்கியிருக்கும். கால் சுடாத இடம் தேடி நகர்ந்து நகர்ந்து, முன்முற்றத்தில் நீளமாகக் கிடக்கும் ஒரு கறுப்புத் திட்டில் குடும்பம் மொத்தமும் ஒண்டியிருக்கும். அங்கே நின்றுகொண்டு, கையை உயர்த்தி, பெரியப்பா சொல்வார்: "இந்தக் கோபுரத்தோட நிழல் தரையிலேயே விழாது. அந்தக் காலத்து இன்ஜினியரிங்!" எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். குழந்தை மட்டும் குனிந்து பார்க்கும். அதன் வாயில் உடனே ஒரு முறுக்கைத் திணியுங்கள்.

பிரதான சாலையை விட்டு ஊர்வழியாகப் போவதும் அவசியம். மேப் அதைத்தான் குறுக்குவழி என்று காட்டும். அறுவடை கொஞ்சம் தள்ளிப்போன ஊர்களில் பிடுங்கிய உளுந்துச் செடியைத் தார்ச்சாலையில் பரப்பியிருப்பார்கள். போகிற வண்டிகளின் சக்கரம் ஏறி நெற்று வெடித்தால் அடிக்கிற கூலி மிச்சம். மாப்பிள்ளை, "ரோட்டை மறிச்சு வச்சிருக்காங்க, திருப்புங்க" என்பார். புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் அம்மா எழுந்து வந்து, "நிக்காதீங்க தம்பி, மேலயே ஏத்திப் போங்க" என்று கை காட்டுவார். வண்டி ஏறும். அடியில் படபடவென்று வெடிக்கும். கடந்து போனதும் பின்னாலிருந்து குரல்: "தம்பி, அப்படியே ரிவர்ஸ்ல ஒரு தரம் வந்துட்டுப் போயிடுங்களேன்." மறுக்காதீர்கள். இரண்டாவது தரம் போகும்போது செடி அச்சில் சுற்றிக்கொள்ளும். அப்படியே ஓட்டிக்கொண்டே இருந்தால் சைலன்சர் சூட்டில் புகையும். வண்டி தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே இந்த ஒரு இடத்தில் மட்டும் விளையாடாமல் நிறுத்திவிடுங்கள். டிரைவர் துண்டை விரித்து அடியில் படுத்து, கை கையாகக் கொடியை உருவி எடுப்பார். முக்கால் மணி நேரம். பதினாலு பேரும் இறங்கிச் சாலையோரம் நிற்பீர்கள். அந்த அம்மா சொம்பில் மோர் கொண்டுவந்து தருவார். அத்தை சும்மா இருக்க மாட்டார்: "இவ்வளவு அடிச்சுக் குடுத்தோமே, ரெண்டு படி உளுந்து விலைக்குக் குடுப்பீங்களா?" "இன்னும் தூத்தவே இல்லையேம்மா, நாளைக்கு வாங்க."

வைத்தீஸ்வரன் கோயிலில் நாடி ஜோதிடப் பலகையைப் பார்த்ததும் சித்தி இறங்கிவிடுவார். ஆணுக்கு வலது கட்டைவிரல், பெண்ணுக்கு இடது என்று ரேகை வாங்கிக்கொண்டு ஓலை தேடுவார்கள். வெளியே ஒரு குடும்பம் வெந்துகொண்டிருக்க, உள்ளே அப்பா பெயர் 'மு'வில் ஆரம்பிக்குமா, 'ரா'வில் ஆரம்பிக்குமா என்று கேள்வி நடந்துகொண்டிருக்கும். ஓலை கிடைக்காவிட்டால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். கிடைத்தால் அதைவிட நேரமாகும்.

'பொன்னியின் செல்வன்' படித்தவர் ஒருவர் கூட இருந்தால் அவரைப் பழையாறைக்கு அழைத்துப் போங்கள். பக்கத்தில் சோழன்மாளிகை என்று ஊரே இருக்கிறது. மாளிகை மட்டும் கிடையாது. வாழைத்தோப்பும் வீடுகளும் இருக்கின்றன. படத்தில் பார்த்த குந்தவையின் உப்பரிகையைத் தேடுபவருக்கு இதைவிடச் சுருக்கமான பதில் எங்கும் கிடைக்காது.

தலையாட்டிப் பொம்மை வாங்கினால் அதன் மேல் அசோகா அல்வா டப்பாவையும், அதன் மேல் நாச்சியார்கோயில் குத்துவிளக்கையும் வைத்துக் கட்டுங்கள். மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

கடைசியாக, ஆலங்குடி. இதை அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் நேற்று எப்படியும் விட்டுப்போயிருக்கும். குரு ஸ்தலமான ஆலங்குடி கும்பகோணத்துக்குத் தெற்கே, திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஓர் ஆலங்குடி உண்டு. அது தாலுகாத் தலைநகர். மேப்பில் வெறுமனே 'ஆலங்குடி' என்று போட்டு, முதலில் வருவதைத் தொடுங்கள். டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தால், "கூகுளுக்குத் தெரியாததா அண்ணே?" என்று மாப்பிள்ளை அடக்கிவிடட்டும். தஞ்சாவூரிலிருந்து தெற்கே வண்டி போகும். வயல் குறைந்து செம்மண் தெரியத் தொடங்கும். யாரும் சந்தேகப்படாதீர்கள். ஊருக்குள் நுழைந்து, டீக்கடையில் நிறுத்தி, மஞ்சள் துண்டும் கொண்டைக்கடலை மாலையும் மடியில் வைத்திருக்கும் அத்தை எட்டிப் பார்த்துக் கேட்க வேண்டும்: "தம்பி, குரு கோயில் எந்தப் பக்கம்?"

டீ ஆற்றிக்கொண்டே அவர் வண்டி நம்பரைப் பார்ப்பார், மாலையைப் பார்ப்பார்.

"அது நீடாமங்கலம் பக்கத்து ஆலங்குடிங்கம்மா. வந்த வழியே தஞ்சாவூர் போயித்தான் போவணும்." கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். "இப்ப ஒண்ணும் அவசரமில்லை. எறங்கி டீ சாப்பிடுங்க. நீங்க போய்ச் சேர்ந்தாலும் நடை சாத்தித்தான் இருக்கும்."