யானைக்கு இல்லாத சட்டம்

படகில் நாயோடு உலகம் சுற்றினால், வழியில் துறைமுக ஊர்களில் அதையும் இறங்க விடுவார்களா?
– வாசகர், கரிவலம்வந்தநல்லூர்

உங்கள் ஊரை யானையே வலம் வந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. அதனிடம் யாரும் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கவில்லை. அந்தக் காலம் போயிற்று! 2020 பிப்ரவரியில் சீனாவிலிருந்து வந்த கண்டெய்னரில் ஒரு பூனை சென்னைத் துறைமுகத்தில் தலை காட்டியது. கொரோனா பயத்தில் ‘வந்த நாட்டுக்கே அனுப்பு’ என்றார்கள் அதிகாரிகள். ‘கூடாது’ என்று கொடி பிடித்தார்கள் விலங்கு நேயர்கள். பாஸ்போர்ட் இல்லாத பூனைக்கு இரண்டு கட்சி!

வெறிநாய்க்கடி நோய் இல்லாத ஆஸ்திரேலியாவில் உங்கள் நாய் படகுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியதுதான். அதிருக்கட்டும், முதலில் தூத்துக்குடி பஸ்ஸில் அதை ஏற்ற கண்டக்டர் சம்மதித்தாரா?